சான் ஜிமின்யானோ திராட்சைக் குன்றுகளில் நடக்க விரும்புவோருக்கு: விசா முதல் சேறு வரை

இத்தாலியின் தஸ்கனி பகுதியில், ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 324 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் முகட்டில் மதில்களோடும் கல் கோபுரங்களோடும் நிற்கும் சிற்றூர் சான் ஜிமின்யானோ. அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் வெர்னாச்சா என்னும் வெள்ளைத் திராட்சையும் ஒலிவ மரங்களும் விளைகின்றன. அவற்றின் ஊடே வண்டித்தடங்களும் பழைய யாத்திரைப் பாதையும் செல்கின்றன. இங்கே நடப்பதற்கு மலையேற்றப் பயிற்சி வேண்டாம், அனுமதிச்சீட்டு வேண்டாம், கட்டணமும் இல்லை. கடினமானவை எல்லாம் நடைக்கு வெளியே இருக்கின்றன: விசா ஆவணங்கள், ரயில் நிலையமில்லாத ஊருக்குப் போகும் பேருந்து, மழைக்குப் பிந்தைய களிமண், மாலை வெளிச்சம். எங்கள் நடைக்குத் திட்டமிட்டபோது இந்த விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டியிருந்தது. அடுத்து வருபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரு பருவம், செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை மற்றொரு பருவம். இவை இரண்டுமே நடப்பதற்கு ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் திராட்சைத் தோட்டத்தில் நிழல் என்பதே கிடையாது. கொடிகள் இடுப்பளவிலும் தோளளவிலும் நிற்க, வெளிறிய மண் பாதை வெப்பத்தை முகத்தில் திருப்பி அடிக்கும். நவம்பரில் மழை மிகுதி.

வெளிச்சக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறரை மணிக்கு இருட்டும் ஊரிலிருந்து போகும் நமக்கு இது எளிதில் விட்டுப்போகிற விஷயம். ஜூன் இறுதியில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவைக்கிறார்கள். அதன்பின் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். மே மாதத்தில் மதியம் புறப்பட்டு நிதானமாக முடிக்கக்கூடிய அதே பாதை, நவம்பரில் காலையிலேயே தொடங்க வேண்டிய பாதையாகிவிடுகிறது.

இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை இத்தாலியில் வேட்டைப் பருவம். தஸ்கனியின் காடுகளில் காட்டுப்பன்றி வேட்டை மும்முரமாக நடக்கும். செவ்வாயும் வெள்ளியும் சட்டப்படி வேட்டைக்கு ஓய்வு நாட்கள். எனவே காட்டுப் பகுதி வழியே செல்லும் நடைகளை அந்த இரண்டு நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். துப்பாக்கிச் சத்தமோ நாய்க் கூட்டத்தின் குரைப்போ அருகில் கேட்டால் அந்தத் தடத்தை விட்டுத் திரும்பிவிடுங்கள்.

2. விசா: நடைப் பயணிக்கு உள்ள தனிச் சிக்கல்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதி) குறுகிய கால விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை விசா இன்றித் தங்கலாம். விசா கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பக் கிடைக்காது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்கள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு தெரிவிக்க வழக்கமான கால அளவு 15 நாட்கள் என்றாலும் அதை 45 நாட்கள் வரை நீட்டிக்க விசா வழங்கும் தூதரகத்துக்கு அதிகாரம் உண்டு. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் சென்னையில் நேர முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு என்பதால், மே மாத நடைக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவையும் தாயகம் திரும்பும் செலவையும் ஏற்பதாக இருக்க வேண்டும். காப்பீட்டு ஆவணத்தின் விலக்குகள் பகுதியை வரி வரியாகப் படியுங்கள்; மலிவான சில திட்டங்கள் மலை நடையைச் சாகச விளையாட்டு என்று வகைப்படுத்தி விலக்கிவிடுகின்றன. கயிறும் கருவியும் இல்லாத சாதாரண நடைக்குக் காப்பு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நடைப் பயணிகள் அதிகம் தடுமாறுவது தங்குமிடச் சான்றில்தான். முதல் இரவிலிருந்து கடைசி இரவு வரை ஒரு நாள்கூட விடாமல் முன்பதிவுச் சான்று காட்ட வேண்டும். ஊர் ஊராக நடந்து, போகிற இடத்தில் இடம் பார்த்துத் தங்குவோம் என்ற திட்டத்தை விண்ணப்பத்தில் வைத்தால் அது முழுமையற்ற ஆவணமாகவே கருதப்படும். முதன்முறை போகிறவர்கள் சான் ஜிமின்யானோவிலேயே எல்லா இரவுகளையும் தங்கி, அங்கிருந்து தினமும் நடந்து திரும்பும் திட்டத்தை வைப்பதே எல்லா வகையிலும் எளிது: ஒரே முன்பதிவு, ஒரே முகவரி, முதுகில் சுமையும் இல்லை. விண்ணப்பக் கடிதத்தில் எழுதும் தேதிகள், விமானச் சீட்டின் தேதிகள், விடுதி முன்பதிவின் தேதிகள், அலுவலக விடுப்புக் கடிதத்தின் தேதிகள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரெனப் பெருந்தொகை வந்து சேர்ந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றையும் உடன் இணையுங்கள்.

பிரான்ஸோ சுவிட்சர்லாந்தோ சேர்த்துப் போகிறீர்கள் என்றால், அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். இத்தாலிக்கு வேறொரு ஷெங்கன் நாட்டின் வழியாக நுழைகிறவர்கள் எட்டு நாட்களுக்குள் தங்கள் வருகையைக் காவல்துறையிடம் அறிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு. முறைப்படி பதிவு செய்யும் விடுதியில் தங்கினால் அந்தப் பதிவே போதுமானது. அதன் நகலை மட்டும் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

3. எங்கே தங்குவது

மதிலுக்குள் தங்கினால் வாடகை கூடுதல். ஆனால் பகல் நேரக் கூட்டம் கிளம்பிய பிறகான மாலையும், அது வருவதற்கு முந்தைய காலையும் உங்களுக்குக் கிடைக்கும். நடையை வாசலிலிருந்தே தொடங்கலாம். கீழே உள்ள பக்கத்து ஊரான பொஜ்ஜிபோன்ஸியில் வாடகை குறைவு, ரயிலும் உண்டு, ஆனால் தினமும் பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பண்ணை விடுதிகளின் படங்கள் மனதைக் கவரும். முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள். பல விடுதிகள் ஊரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி, பேருந்தில்லாத, நடைபாதையும் தெருவிளக்கும் இல்லாத வளைவுச் சாலையில் இருக்கின்றன. கார் இல்லாதவர்கள் இரவு உணவுக்குக்கூட வெளியே போக முடியாது.

நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி ஒன்று தனியாக வசூலிக்கப்படும். முன்பதிவில் செலுத்திய தொகையில் அது பெரும்பாலும் அடங்காது, பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள்.

4. போய்ச் சேருவது: இங்கேதான் நேரம் பறிபோகும்

சான் ஜிமின்யானோவுக்கு ரயில் இல்லை. பொஜ்ஜிபோன்ஸி நிலையத்தின் பெயரோடு சான் ஜிமின்யானோ என்ற பெயரும் ஒட்டியிருப்பதைப் பார்த்து, இறங்கினால் ஊர் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நோவெல்லா நிலையத்திலிருந்து எம்போலி வழியாக சியெனா செல்லும் வட்டார ரயிலில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணித்து, பொஜ்ஜிபோன்ஸியில் இறங்க வேண்டும். சில ரயில்களுக்கு எம்போலியில் மாற வேண்டியிருக்கும். வட்டார ரயிலின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. முன்கூட்டி வாங்கினாலும் குறையாது, அன்றே வாங்கினாலும் அதிகமாகாது. விமானம் தாமதமானால் வீணாகிவிடும் என்பதால் அன்றன்று வாங்குவதே அறிவுடைமை. காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும். கைப்பேசிச் சீட்டு என்றால் ஏறும் முன் அதைச் செயல்படுத்த வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தும் இதைச் செய்யாததால் அபராதம் கட்டுகிற வெளிநாட்டவர் ஏராளம்.

நிலைய வாசலிலிருந்து 130ஆம் எண் பேருந்து ஊருக்குப் போகிறது. பயணம் அரை மணிக்கும் குறைவு. சீட்டை நிலையத்தின் அருகிலுள்ள கடையிலோ புகையிலைக் கடையிலோ வாங்கிவிடுங்கள், கூடவே திரும்புவதற்கும் ஒன்று.

கால அட்டவணையைப் படிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘ஃபெரியாலே’ என்று குறித்திருந்தால் திங்கள் முதல் சனி வரை, ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் பொது விடுமுறையும், ‘ஸ்கொலாஸ்திகோ’ என்றால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். வரைபடச் செயலியில் ஒரு சாதாரண நாளைப் பார்த்துவிட்டு ஞாயிறன்று போய் நின்றால், அந்தப் பேருந்துகளில் பாதிகூட இருக்காது. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்டு 15, நவம்பர் 1 ஆகியவை பொது விடுமுறைகள். இவற்றில் மே 1 அன்று பேருந்தை நம்பிப் பயணம் வைக்கவே வேண்டாம்.

வேலைநிறுத்தங்களும் உண்டு. அவை முன்கூட்டியே அறிவிக்கப்படும் என்பதால் பயண வாரத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வேலைநிறுத்த நாளிலும், அது வார நாளாக இருந்தால், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் குறைந்தபட்சச் சேவை உறுதி செய்யப்படுகிறது.

கார் எடுக்க விரும்புகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே வாங்கிவிட வேண்டும்; கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். மதிலுக்குள்ளும் ஃப்ளோரன்ஸின் மையப் பகுதியிலும் வெளியார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத எல்லைகள் உண்டு. நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். அபராதக் கடிதம் சில மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியாக வீடு தேடி வரும், அந்த நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து.

5. எந்தப் பாதையில் நடப்பது

முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பது கம்பாஸ்ஸி தெர்மேயிலிருந்து சான் ஜிமின்யானோவுக்கு வரும் பாதை. ரோம் செல்லும் பழைய யாத்திரை வழியான வியா ஃப்ராஞ்சிஜெனாவின் ஒரு கட்டம் இது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர், இடைநிறுத்தங்கள் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். ஊரிலிருந்து வெளியே நடப்பதைவிட, காலையில் வாடகைக் காரில் கம்பாஸ்ஸிக்குப் போய்விட்டு ஊரை நோக்கி நடந்து வருவது மேல். திரும்பும் பேருந்தைப் பற்றிய கவலை ஒழிகிறது. நடை முடிகிற இடம் நீங்கள் தங்கும் இடமாகவே இருக்கிறது. வழியில் பான்கோலே என்னும் சிற்றூரில் பாதை ஒரு தேவாலயத்தின் வளைவுக்கு அடியிலேயே புகுந்து செல்லும். அதன்பின் செல்லோலேயின் பழைய கல் ஆலயத்தைத் தாண்டினால் எதிர்க் குன்றில் கோபுரங்கள் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் தெரிகிறதே என்று தண்ணீரை முடித்துவிடாதீர்கள், இன்னும் ஏற்றம் பாக்கி இருக்கிறது.

அடுத்த நடை தெற்கே. சான் ஜிமின்யானோவிலிருந்து மோன்தெரிஜ்ஜோனி வரையுள்ள யாத்திரைக் கட்டம் 30 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதைப் புதியவர் ஒரே நாளில் முடிக்க நினைப்பது பாதத்துக்குச் செய்யும் கொடுமை. கோல்லே தி வால் தெல்ஸா வழியாகச் செல்லும் மாற்றுப் பாதையில் நடந்து, அந்த ஊரிலேயே நிறுத்திக்கொண்டு பேருந்தில் பொஜ்ஜிபோன்ஸி வந்து திரும்பலாம். இந்தப் பக்கம் சிற்றோடைகள் குறுக்கிடும். பாலம் இருக்காது, கற்களில் கால் வைத்துத்தான் தாண்ட வேண்டும். முந்தைய நாள் நல்ல மழை என்றால் வேறு பாதையைப் பாருங்கள்.

தென்மேற்கில் காஸ்தெல்வெக்கியோ இயற்கைக் காப்பகம் உள்ளது. காட்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு பழைய ஊரின் இடிபாடுகளைப் பார்க்கலாம். அதைக் குன்றுகளோடு பழகிய பிறகு, வேட்டை இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழிக்குறிகள் வெள்ளையும் சிவப்புமான பட்டைகள். யாத்திரைப் பாதையில் கூடுதலாக மூட்டையும் கோலுமாக நடக்கும் ஒரு சிறு யாத்ரீகர் உருவம் வரையப்பட்டிருக்கும். கிளை பிரியும் இடத்துக்குப் பின் கால் மணி நேரம் நடந்தும் குறி எதுவும் தென்படவில்லை என்றால், முன்னேறாமல் கடைசியாகக் குறி கண்ட இடத்துக்கே திரும்புங்கள். பாதைக் கோப்பை யாத்திரை வழியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, இணையமின்றி இயங்கும் வரைபடத்தில் போட்டுவைத்திருப்பது அவசியம். பள்ளங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

6. காலணியும் பையில் இருக்க வேண்டியவையும்

இந்தக் குன்றுகள் ஒருகாலத்தில் கடலடியில் இருந்தவை. மஞ்சள் மணலும் களிமண்ணுமாகக் கிடக்கும் மண்ணில், உழுத சாலின் ஓரமாகக் குனிந்து பார்த்தால் வெளுத்த சிப்பித் துண்டுகள் தென்படும். வெயில் நாளில் கல்லாக இறுகிக் கிடக்கும் அதே மண், ஒரு மழை பெய்தால் பிசைந்த மாவு போல் காலணியின் அடியில் ஒட்டும். பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் இன்னொரு அடிப்பாகம் வளர்ந்துவிடும், அதன்பின் பிடிப்பு என்பதே இருக்காது. ஆகவே ஆழமான வரிகள் கொண்ட நடைக் காலணி வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான மெல்லிய காலணி இங்கே உதவாது. புதிய காலணியை ஊரிலேயே சில வாரங்கள் போட்டு நடந்து பழக்குங்கள். ஒரு நடைக்கோல் இறக்கங்களில் முழங்காலைக் காப்பாற்றும். மழை பெய்த மறுநாள் சரளை போட்ட வண்டித்தடங்களில் மட்டும் நடப்பது நல்லது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். ஊர்களில் பொதுக் குழாய்கள் உண்டு. ‘நோன் பொதாபிலே’ என்று எழுதியிருந்தால் அதைக் குடிக்கக் கூடாது. புல் உயர்ந்த இடங்களில் உண்ணி ஏறும் என்பதால் முழுக் காற்சட்டை அணிந்து, இரவில் உடலைச் சோதித்துப் பாருங்கள். ஆட்டு மந்தையைக் கண்டால் சுற்றிப் போங்கள். காவலுக்கு நிற்கும் பெரிய வெள்ளை நாய்கள் மந்தைக்குள் நுழைபவரைச் சும்மா விடா. ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112.

7. தோட்டத்தில் நடந்துகொள்ளும் முறை

பாதை பொதுவழி, அதன் இருபுறமும் உள்ள கொடி வரிசைகள் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு. படம் எடுப்பதற்காக வரிசைக்குள் நுழைய வேண்டாம். குலையில் கை வைக்கவும் வேண்டாம்: அது திருட்டு என்பது ஒருபுறம் இருக்க, இலைகளில் நீலம் பாய்ந்த திட்டுகளாகப் படிந்திருப்பது பூஞ்சை நோய்க்கு அடிக்கும் மயில்துத்தக் கலவை. மருந்து அடிக்கும் வண்டியைக் கண்டால் காற்று வீசும் திசையைப் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். செப்டம்பர் அறுவடை நாட்களில் குறுகிய தடங்களில் டிராக்டர்கள் அடிக்கடி வரும், வழி விடுங்கள்.

தோட்டத்துத் திராட்சை மதுக் கூடங்களைப் பார்க்கவும் சுவைக்கவும் முன்பதிவு வேண்டும். கதவைத் தட்டினால் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நடை முடிந்த பின்னான மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. சாப்பாடு

பாதையில் கடைகள் மிகக் குறைவு. ஊரிலுள்ள மளிகைக் கடைகள் பல, மதியம் மூடி மாலையில்தான் திறக்கும். எனவே காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். தஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, ஒரு ஊறுகாய்ப் பொட்டலம் பையில் இருப்பது நல்லது. உணவகங்களில் மதிய உணவு இரண்டரை மணியோடு முடிந்துவிடும். இரவு உணவு ஏழரைக்கு முன் கிடைப்பது அரிது. சைவர்களுக்குத் தக்காளியில் ஊறவைத்த ரொட்டிக் கஞ்சியும், பயறும் கீரையும் சேர்த்த கெட்டியான சூப்பும் நல்ல உணவு. இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். செம்மறிப்பால் பாலாடைக்கட்டி பெரும்பாலும் விலங்கின் இரைப்பை நொதியால் உறையவைக்கப்படுவது, கறாரான சைவர்கள் தவிர்க்க வேண்டும்.

9. திரும்பும் நாள்

விமானம் காலையில் என்றால் முந்தைய இரவே ஃப்ளோரன்ஸுக்கோ பீசாவுக்கோ போய்விடுங்கள். முதல் பேருந்தையும் அதன்பின் ரயிலையும் நம்பிக் காலை விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவது ஆபத்தானது. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் வெளிநாட்டவரின் வருகையையும் புறப்பாட்டையும் மின்னணு முறையில் பதியத் தொடங்கியிருப்பதால், குடிவரவு வரிசைக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னாச்சா மதுப் புட்டி வாங்கியிருந்தால் அதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. துணிகளுக்கு நடுவே சுற்றிச் சரக்குப் பையில் வையுங்கள். இந்தியாவுக்குள் தீர்வையின்றிக் கொண்டுவர ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு இரண்டு லிட்டர். 750 மில்லி புட்டிகள் என்றால் இரண்டு.